கன்னிமாரா வாசலில் தயங்காதீர்கள்!
பெரம்பலூர், அரியலூர் வாசகர்களின் கேள்விகள்

● போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். கன்னிமாரா என்றால் நூலகம்தானே? ஓட்டலும் உண்டா? (வாலிகண்டபுரம்)

இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே ஆள். 1886 முதல் 1890 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த கன்னிமாரா பிரபு. நூலகத்துக்கு அவர் அடிக்கல் நாட்டியது 1890இல். அது திறந்தது 1896இல். பின்னி சாலையில் இருக்கும் ஓட்டலுக்கு அவர் பெயரை வைத்ததும் அதே 1890இல்தான். ஆனால் அந்த ஓட்டலைத் தொடங்கியவர் வெள்ளைக்காரர் இல்லை, தம்பி. 1854இல் ‘இம்பீரியல் ஓட்டல்’ என்று அதை நடத்தியவர் ரத்தினவேலு முதலியார். 1886இல் அது ‘ஆல்பனி’ ஆனது, பிறகு கன்னிமாரா. 1891இல்தான் ஸ்பென்சர் கம்பெனியின் ஓக்‌ஷாட் கைக்குப் போனது. பொதுப் பாடத்தில் இது வராவிட்டாலும் மனதில் இருக்கட்டும். சென்னையின் முதல் பெரிய ஓட்டல்களில் ஒன்றுக்குக் கால்கோள் போட்டது ஒரு தமிழர்.

● அப்பா வேட்டியைத் தவிர வேறு எதுவும் உடுத்த மாட்டார். நட்சத்திர ஓட்டலில் விடுவார்களா? (சிறுவாச்சூர்)

தாராளமாக அழைத்துப் போங்கள். 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிளப் விழாவுக்கு வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே வாசலில் நிறுத்தினார்கள். தமிழ்நாடு கொதித்தது. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்துவிட்டது. கிளப், சங்கம், டிரஸ்ட், கம்பெனி என யாராக இருந்தாலும், தங்கள் பொறுப்பில் உள்ள பொது இடத்தில் வேட்டிக்குத் தடை போடக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். சட்டத்தைப் பையில் வைத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. வெளுத்த வேட்டியும் நிமிர்ந்த நடையும் போதும்.

● தங்குவதற்கு வசதி இல்லை. சும்மா கன்னிமாரா ஓட்டலுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வர முடியுமா? (செந்துறை)

முடியும். அறை எடுத்தவருக்கு மட்டும்தான் அங்கே இடம் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். காபி சாப்பிட வருகிறவரும் விருந்தாளிதான். முன்கூட்டியே போன் போட்டு, எத்தனை மணிக்கு வரலாம், என்ன விலை என்று கேளுங்கள். விலை கேட்பது கௌரவக் குறைச்சல் இல்லை. பெரிய பணக்காரர்கள்தான் அதிகம் கேட்பார்கள்.

உள்ளே போனதும் கைப்பேசியை எடுத்து உங்களை நீங்களே படம் பிடிப்பதற்கு முன்னால், கட்டடத்தைப் பாருங்கள். கன்னிமாராவின் வெள்ளை முகப்பு 1937ஐச் சேர்ந்தது. வளைவும் நேர்க்கோடும் கலந்த அந்த ‘ஆர்ட் டெகோ’ பாணி அன்றைய சினிமா கொட்டகைகளுக்கும் பரவியது. 1970களில் அதைத் திருத்தி அமைத்தவர் இலங்கையின் மகா கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. வெயிலையும் மரத்தையும் தண்ணீரையும் சுவருக்குள் கொண்டுவரத் தெரிந்தவர். தமிழர் தொடங்கி, ஆங்கிலேயர் வளர்த்து, இலங்கைக்காரர் மெருகேற்றிய இடம் அது. ஒரு காபி விலையில் இத்தனையும் கிடைக்கும்.

இன்னொன்று. கதவு திறப்பவருக்கும் தட்டு எடுப்பவருக்கும் வணக்கம் சொல்லுங்கள். பழைய ஓட்டல்களில் கட்டடத்தின் கதை அதிகம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். அவசரம் இல்லாத நேரத்தில் கேட்டால், எந்தப் புத்தகத்திலும் இல்லாததைச் சொல்வார்கள்.

● பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ போட்டிருந்தால் கட்டித்தான் ஆக வேண்டுமா? (திருமானூர்)

வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இலேயே சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. கட்டாயமாக வசூலிக்கக் கூடாது. ஜி.எஸ்.டி. வேறு, அதைக் கட்டியாக வேண்டும். கவனித்தவருக்கு மனமுவந்து கையில் கொடுப்பதை எந்த நீதிமன்றமும் தடுக்கவில்லை.

● மகளுக்கு மும்பை தாஜில் பயிற்சி வேலை கிடைத்திருக்கிறது. ஓட்டல் வேலை என்றதும் உறவுக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். (பெரம்பலூர்)

பயங்கரவாதிகள் தாஜைத் தாக்கிய 2008 நவம்பர் 26ஐ அவர்களிடம் நினைவுபடுத்துங்கள் அம்மா. 1903 டிசம்பர் 16இல் ஜாம்செட்ஜி டாடா திறந்த ஓட்டல் அது. முதல் உலகப் போரில் 600 படுக்கை மருத்துவமனையாகவும் மாறியது. தாக்குதல் நடந்த இரவில் துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே, பின்வாசல் வழி தெரிந்த ஊழியர்கள் தாங்கள் தப்பி ஓடாமல் விருந்தினர்களை வெளியேற்றினார்கள். சமையலறைக்காரர்கள் உட்படப் பலர் உயிரையே கொடுத்தார்கள். உங்கள் மகள் அந்த வரிசையில் போய் நிற்கப் போகிறாள். நான் அவளை வாழ்த்துகிறேன்.

● சிங்கப்பூரில் மகன் வேலை பார்க்கிறான். போகும்போது ராஃபிள்ஸ் ஓட்டலைப் பார்க்கலாமா? (ஜெயங்கொண்டம்)

பாருங்கள். 1887இல் ஆர்மீனியச் சகோதரர்கள் பத்து அறையோடு தொடங்கியது. நூறாவது ஆண்டில் தேசிய நினைவுச் சின்னமானது. கடைகள் இருக்கும் பகுதிக்கு யாரும் போகலாம். அங்கே ‘லாங் பார்’ என்ற இடத்தில் வேர்க்கடலையை உடைத்துத் தோலைத் தரையிலேயே போடுவது வழக்கம். நம் ஜெயங்கொண்டம் பக்கத்துக் கடலைக் காட்டுக்காரர்கள் அங்கே அந்நியமாக உணர மாட்டீர்கள்.

● உபசாரம் என்பது காசுக்குக் கிடைப்பதா? (குன்னம்)

குன்னத்திலிருந்து இந்தக் கேள்வியா! இம்பீரியல் ஓட்டல் தொடங்கிய மறு ஆண்டு, 1855இல் பிறந்தவர் உ.வே.சாமிநாதையர். அவர் சிறுவனாக இருந்தபோது, கதை சொல்லிப் பிழைத்த அவர் தந்தை குடும்பத்தோடு அரியலூர், குன்னம், காரை என்று ஊர் ஊராகப் போனார். உங்கள் ஊர்க்காரர்கள் அவர்களைத் தாங்கினார்கள். உங்கள் ஊர்ச் சிதம்பரம் பிள்ளையும் செங்கணம் விருத்தாசல ரெட்டியாரும் பையனுக்குத் தமிழும் சொல்லிக்கொடுத்தார்கள். பிற்பாடு அவர் பதிப்பால் நமக்குச் சிந்தாமணியும் புறநானூறும் அச்சில் கிடைத்ததில் அந்த வீடுகளுக்கும் பங்கு உண்டு. காசு வாங்கும் ஓட்டலில் நல்ல உபசாரம் இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் குன்னம் செய்தது அதைவிடப் பெரிது.

● நம் மாவட்டத்தில் இப்படி ஒரு ஓட்டல் ஏன் இல்லை? (அரியலூர்)

எனக்கும் இதில் ஆதங்கம் உண்டு. கங்கைகொண்ட சோழபுரம் 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. பயணிகள் வருகிறார்கள், ஒரு மணி நேரம் பார்க்கிறார்கள், இருட்டுவதற்குள் கும்பகோணத்துக்கோ தஞ்சாவூருக்கோ போய்விடுகிறார்கள். அவர்களின் இரவுச் சாப்பாட்டுக் காசில் நம் ஊருக்கு ஒரு ரூபாய் இல்லை. காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுகளை ஓட்டலாக்கினார்கள், தரங்கம்பாடியில் கடலோரப் பங்களாவை ஆக்கினார்கள். மத்திய சுற்றுலாத் துறையின் பாரம்பரிய ஓட்டல் விதிப்படி 1950க்கு முன் கட்டியதாக இருக்க வேண்டும். ஐந்து அறையிலேயே தொடங்கலாம். உடையார்பாளையத்தில் ஜமீன் அரண்மனை இருந்த ஊரில், அரியலூரின் பழைய வீதிகளில், ஐந்து அறைக்கு இடமில்லையா? சிமெண்ட் ஆலைகள் சூழ்ந்த மாவட்டத்தில் சுண்ணாம்புக் காரை பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடுவதுதான் சிரமமாக இருக்கும். அவர்கள் இருக்கும்போதே தொடங்க வேண்டும்.

● வெள்ளி விழாத் திருமண நாளுக்கு இப்படிப் பழைய ஓட்டலில் ஓர் இரவு தங்கப் பணம் சேர்த்திருக்கிறோம். எந்த அறை கேட்பது? (வேப்பந்தட்டை)

பழைய பகுதியில் கேளுங்கள். இத்தகைய ஓட்டல்களில் பின்னால் கட்டிய அடுக்கு மாடியும் இருக்கும். மும்பை தாஜிலும் அரண்மனைப் பகுதி வேறு, 1973இல் எழுந்த கோபுரப் பகுதி வேறு. எதில் அறை என்று பதிவு செய்யும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் வரி 18 சதவீதம், அதையும் கணக்கில் சேருங்கள். திங்கள், செவ்வாய் போன்ற நாட்களில் வாடகை குறைய வாய்ப்பு உண்டு. வெள்ளி விழா என்பதை மறக்காமல் சொல்லிவிடுங்கள் அண்ணே, அண்ணிக்குப் பூங்கொத்து வரும்.