வெள்ளியில் ஒரு கோபுரம்

கே: முதலாம் எலிசபெத் ராணியார் காலத்து வெள்ளி நாணயங்களைச் சேகரிக்க ஆசை. திருவண்ணாமலையில் இருந்துகொண்டு நடக்கிற காரியமா?

ப: ஆசை நியாயமானதே. ஆயினும், 1600 டிசம்பர் 31-ல் சாசனம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனியின் முதற்பயணத்துக்கென்றே, ஸ்பானிய வெள்ளியின் எடைக்கு ஒத்ததாய், கோட்டைவாயிற் கதவைப் பொறித்து அந்த ராணியார் லண்டனில் அடிப்பித்த நாணயம், ஸ்பானிய டாலரையே நம்பிப் பழகிய கீழ்த்திசை வர்த்தகரிடம் செல்லாக் காசாயிற்று. இன்றோ கண்ணில் படுவதே துர்லபம். ஆகையால் தாங்கள் 1807-ல் தொடங்கிச் சென்னைத் தங்கசாலையில் அடிக்கப்பெற்ற அரைப் பூவராகனிலிருந்து ஆரம்பிப்பதே உசிதம். ஒரு புறம் கோபுரம், சுற்றிலும் ஆங்கிலமும் பாரசீகமும். மறுபுறம் விஷ்ணு, சுற்றிலும் தமிழும் தெலுங்கும். சில காசுகள் ஸ்பானிய டாலரின் மேலேயே முத்திரையிட்டவை; வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பிடித்தால், கோபுரத்தினடியில் அழிந்தும் அழியாத அந்நிய எழுத்தின் கோடுகள் தென்படும். ராணியாரின் நாணயத்தைத் தோற்கடித்த அதே டாலர், இருநூறு ஆண்டுகளுக்குப் பின் நம் கோபுரத்தைச் சுமந்து நின்ற விந்தையை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பதற்கு ஈடான இன்பம் எனக்குத் தெரிந்து வேறில்லை. எந்தக் கோயில் என்று நாணயம் சொல்லவில்லை. 217 அடி ராஜகோபுரத்தை நாள்தோறும் அண்ணாந்து பார்க்கும் தங்களுக்கு அது ஒரு குறையாகாது.

கே: தாத்தா பெட்டியில் ராமர் பட்டாபிஷேகம் பொறித்த, 1818-ஆம் வருஷத்துக் கம்பெனிக் காசு இருக்கிறது. லட்சம் பெறுமாமே?

ப: பெறாது. கம்பெனியார் அப்படியொரு காசை வெளியிட்டதே இல்லை. யாத்திரை ஸ்தலங்களில் பக்தர்களுக்கென விற்கப்பட்ட வில்லை அது. பூஜையறையில் வையுங்கள், தாத்தாவும் அதற்காகத்தான் வாங்கியிருப்பார்.

கே: கறுத்த வெள்ளிக் காசை விபூதி போட்டுத் துலக்கலாமா?

ப: தீபத்துக்குக் குத்துவிளக்கைத் துலக்குங்கள், அம்மா, காசை விட்டுவிடுங்கள். கறுப்பு அதன் வயதுக்குச் சாட்சி. தேய்த்தால் எழுத்தும் போகும், மதிப்பும் போகும். எட்டாம் ஹென்றி மன்னர் வெள்ளியில் செம்பை மிகுதியாகக் கலந்து அடித்த காசில், புழக்கத்தில் முதலில் தேய்ந்தது மேடாயிருந்த அவர் மூக்கே. உள்ளிருந்த செம்பு சிவந்து தெரிய, ‘செம்பு மூக்கர்’ என்ற பட்டம் அவருக்கு நிலைத்தது.

கே: கிணறு தூர்வாரும்போது பானை நிறையக் காசு கிடைத்தால்?

ப: கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டால் என்ன செய்வதென்று அறியேன், காசு புறப்பட்டால், மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டுமென்று 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் விதிக்கிறது. அதுவரை கழுவாதீர்கள், உறவினருக்குப் பங்கிடாதீர்கள். எந்தக் காசோடு எந்தக் காசு கிடந்தது என்பதைக் கொண்டே புதைத்த காலத்தை ஆராய்ச்சியாளர் நிர்ணயிக்கிறார்கள்.