மலையேறும் வீட்டுக்காரர்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், தென்மேற்கு மூலையில், சான் ஹுவான் மலைத்தொடர் இருக்கிறது. ஜூலையில் கணவாய்களில் பனி விலகியதும் யூரே, சில்வர்டன், லேக் சிட்டி என்ற மூன்று சிற்றூர்களிலும் ஒரு வகை மனிதர் தென்படுவார். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். சட்டையில் தேவைக்கு மேல் பாக்கெட்டுகள். ஜீப்புக்குப் பின்னால் ஒரு குட்டி ட்ரெய்லர். அதற்கு ஜீப்பைவிட முரட்டு டயர். கேட்டால், வீடு வாசல் தொல்லையெல்லாம் விட்டுக் காட்டுக்கு ஓடி வந்திருப்பதாகச் சொல்வார். அவர் ஒன்றையும் விட்டு வரவில்லை, இல்லறம் நடத்தவே மலையேறி வந்திருக்கிறார் என்பது என் கட்சி.

முகாமிடும் இடத்துக்கு வந்ததும் அவர் செய்வதைக் கவனித்தால் போதும். எதிரே பதின்மூவாயிரம் அடிச் சிகரம் நிற்கும். அவர் குனிந்து ட்ரெய்லரின் மேல் ரசமட்டம் வைத்துக்கொண்டிருப்பார். குமிழி நடுவில் நிற்கும்வரை சிகரம் காத்திருக்க வேண்டியதுதான். குமிழி இடப்பக்கம் ஒதுங்கினால் மறுபடி ரிவர்ஸ். ட்ரெய்லரோடு ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் பின்வண்டி வலப்பக்கம் போகும். வண்டி எவ்வளவு குட்டையோ அவ்வளவு சீக்கிரம் மடங்கிக்கொள்ளும். பின்னால் நின்று கைகாட்டும் மனைவி சொல்லும் வலது யாருடைய வலது என்ற கேள்வி அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். ஒருவழியாகச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, பெட்டிக்கடைப் பலகையைத் தூக்குவது போலப் பின்கதவைத் தூக்கினால் சமையலறை. லேபிள் ஒட்டிய மசாலா டப்பாக்கள், பன்னிரண்டு வோல்ட் ஃப்ரிட்ஜ், கொக்கியில் கரண்டிகள், அளவெடுத்து மடித்த துண்டு. வீட்டில் உப்பு எந்த அலமாரியில் என்று கேட்கிற அதே மனிதர்தான். பத்தாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், பீன்ஸ் வேகாது. அதற்காகப் பிரஷர் குக்கர் வரும். குக்கருக்கு ஓர் அலமாரி, அலமாரியின் கனத்துக்கு இன்னும் தடித்த ஸ்பிரிங். காட்டு வாழ்க்கை இப்படித்தான் எளிமையாகிக்கொண்டே போகிறது.

குற்றம் முழுக்க அவருடையது அல்ல. கண்ணீர்த்துளி வடிவத்தில் உள்ளே படுக்கை, வெளியே அடுப்பு என்ற அமைப்பு 1930-களிலேயே வந்துவிட்டது. நாலடிக்கு எட்டடி ப்ளைவுட் பலகைக்குள் ஒரு குடித்தனத்தை அடக்கிய கணக்கு அது. முரட்டு வகைக்கு மூதாதை ராணுவத்தின் கால் டன் ட்ரெய்லர். 1940-இல் முதல் ஜீப்பைச் செய்து காட்டிய பேண்டம் கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் கிடைக்கவில்லை. அது வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போனது. பேண்டம் அந்த ஜீப்புகள் இழுக்கும் ட்ரெய்லரைச் செய்து காலம் தள்ளியது. இன்று அவர் சாகசம் என்று ஏறும் பாதைகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளி தோண்ட வந்தவர்கள் கோவேறு கழுதைக்கும் மரவண்டிக்கும் போட்டவை. அவர்களும் வீட்டை விட்டு வந்தவர்களாகத் தெரியவில்லை. 11,200 அடியில் அனிமாஸ் ஃபோர்க்ஸ் என்ற ஊர் இன்று ஆளில்லாமல் கிடக்கிறது. அங்கே 1884-இல் 23 நாள் விடாமல் பனிப்புயல் அடித்தது. அந்த ஊரிலும் ஒருவர் தெருவைப் பார்த்து நீட்டிய அலங்கார ஜன்னல் வைத்து வீடு கட்டியிருக்கிறார். வீடு இன்னும் நிற்கிறது.

மலையில் பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். அங்கே கோடை மதியங்களில் இடியும் ஆலங்கட்டியும் வரும், மரங்கள் நின்றுபோன உயரத்தில் ஒதுங்க இடமில்லை. கரடிக்கு எட்டாதபடி சாப்பாட்டைப் பூட்டி வைப்பதும், கல் பாதைக்காக டயரில் பாதிக் காற்றை இறக்குவதும், திரும்ப ஏற்றக் கம்ப்ரஸர் வைத்திருப்பதும் நியாயம். ஆனால் வாசலில் விரிக்கும் கம்பளம் எந்த ஆபத்துக்கு மருந்து? சரி, 12,800 அடி எஞ்சினியர் கணவாயைக் கடப்பது சாகசம் இல்லையா என்றால், சாகசம்தான். ஆனால் ட்ரெய்லர் பெரும்பாலும் கூட வருவதில்லை. ஒரு வண்டி மட்டுமே போகும் பாதையில் எதிரே ஆள் வந்தால் யாராவது பின்வாங்க வேண்டும்; ரிவர்ஸ் கதை முன்பே தெரிந்ததுதான். எனவே எல்லாத் திசையிலும் முறுக்கிக்கொள்ளும் கொக்கியும் உயர்த்திய அச்சும் கொண்ட அந்த வண்டி, புல்வெளியில் மட்டம் பார்த்த இடத்திலேயே பகலெல்லாம் நிற்கும். வீடு வேறு என்ன செய்யும்?

குடித்தனம்தான் வேண்டுமென்றால் சொந்த வீட்டிலேயே நடத்தலாமே என்பதுதான் கனமான கேள்வி. நடத்த முடியாது என்பதுதான் விஷயம். ஊரிலுள்ள வீடு அவர் கைக்கு அடங்குவதில்லை. முப்பது வருஷக் கடன், கூரை ஒழுகினால் ஓர் ஆள், ஹீட்டர் நின்றால் வேறொரு ஆள், புல் வளர்ந்தால் அக்கம்பக்கத்தார் முகம். ட்ரெய்லரில் ஒவ்வொரு திருகும் அவருக்குத் தெரியும். பழுதாகக்கூடியவற்றில் பாதியைப் பத்தாம் நம்பர் ஸ்பேனரே சரிசெய்துவிடும். மத்திய அரசின் பொது நிலத்தில் வாடகை இல்லை. பொதுவாக 14 நாள் தங்கலாம், அதற்குமேல் இடம் மாற வேண்டும். அண்டை வீட்டாரோடு மனக்கசப்பு முளைக்க அந்த அவகாசம் போதாது. ஒரு மனிதன் தான் குடும்பத் தலைவன் என்பதைச் சந்தேகமில்லாமல் உணர நாலுக்கு எட்டு அடி சரியான அளவு என்றே தோன்றுகிறது.

அந்தப் பக்கம் போக நேர்ந்தால் அவரிடம் உயரத்தையும் காட்சியையும் பற்றிப் பேச்செடுக்காதீர்கள்; மரியாதைக்குப் பதில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார். ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு எவ்வளவு பேட்டரி இழுக்கிறது என்று கேளுங்கள். நாற்காலி வரும், காபி வரும், இழுப்பறைகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். மதிய இடிக்கு முன் கணவாயைத் தாண்ட வேண்டியவர்கள் மட்டும் வண்டியிலிருந்தே கையசைத்துவிட்டுப் போய்விடுவது நல்லது.