சம்மதம் தந்தோம், வாபஸ் வாங்க வழி சொல்லுங்கள்

பெறுநர்:
படிவத் தயாரிப்புப் பிரிவு,
எங்கள் செக்கெண்ணெய்க் கடைக்கு மார்க்கெட்டிங் மென்பொருள் தந்திருக்கும் கம்பெனி.

ஐயா / அம்மா,

அடுத்த அப்டேட்டுக்குள் ஆன்லைன் படிவங்களைத் தயாராக வைக்கச் சொன்ன உங்கள் மெயில் கிடைத்தது. நினைவூட்டல் கிடைத்தது. நினைவூட்டலைப் பார்த்தீர்களா என்று கேட்ட மெயிலும் கிடைத்தது.

படிவத்தைத் திறந்தேன். அரை லிட்டர் தேங்காயெண்ணெய் வாங்க வருகிறவரிடம் பதவி, நிறுவனத்தின் ஆண்டு வருமானம், கடைசிப் பெயர் எல்லாம் கேட்கிறீர்கள். எங்கள் பக்கம் பெயருக்கு முன்னால் ஒரு இனிஷியல், அதோடு சரி. கட்டம் காலியாக இருந்தால் சிவப்பாகிறதே என்று ஒரு பாட்டியம்மாவுக்கு வீட்டுப் பேரைப் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவருக்கு வாராவாரம் செய்தி போகிறது: “அன்புள்ள களத்துவீடு, உங்களைக் காணாமல் ஏங்குகிறோம்!” அந்தம்மா பக்கத்து வீடுதான்.

கீழே, ‘சலுகைச் செய்திகளுக்குச் சம்மதிக்கிறேன்’ என்ற இடத்தில் டிக் ஏற்கெனவே விழுந்திருக்கிறது. வாங்குகிறவருக்கு விரல் நோகக் கூடாது என்ற நல்லெண்ணம் போலும். இப்படி முன்கூட்டியே போட்ட டிக் சம்மதமாகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுச் சட்டமும் சம்மதத்தை அவரவரே தெளிவாகத் தர வேண்டும் என்கிறது. தருவது எவ்வளவு சுலபமோ, வாபஸ் வாங்குவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டுமாம். விவரத்தை அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் எதிலும் கேட்டு வாங்கலாம். தமிழும் மலையாளமும் கலந்து பேசும் எங்கள் ஊருக்கு அதில் இரண்டு போதும். 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன. உங்கள் அப்டேட் இதற்காகத்தான் என்று நினைத்தேன். வெறும் பட்டன் நிறம் மாறியிருக்கிறது.

விலகும் வழியைத் தேடினேன். கடுகளவு எழுத்தில், சாம்பல் நிறத்தில், அடியில் கிடந்தது. அழுத்தினால், “சேமிப்பில் எனக்கு ஆர்வமில்லை” என்று ஒப்புக்கொண்டால்தான் விடுவேன் என்கிறது. இப்படிக் கூச வைப்பதையும் சேர்த்து 13 ஏமாற்று உத்திகளை ஒன்றிய அரசு 2023 நவம்பரிலேயே பட்டியல் போட்டிருக்கிறது. அதை நீங்கள் பாடத்திட்டமாக எடுத்துக்கொண்டீர்களோ என்னவோ.

எங்கள் பஞ்சாயத்துக்கு இந்த விளையாட்டு பழசு. 2000-ல் பிளாச்சிமடை கோகோ கோலா ஆலைக்கு உரிமம் கொடுத்தது பெருமாட்டி பஞ்சாயத்துதான். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனதும், 2002 ஏப்ரல் 22 முதல் மயிலம்மா போன்ற ஆதிவாசிப் பெண்கள் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். 2003 ஏப்ரலில் உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்றது பஞ்சாயத்து. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. ஆனால் வழக்கு உயர் நீதிமன்றம் ஏறி, உச்ச நீதிமன்றம் ஏறி, இனி ஆலையைத் திறக்கும் உத்தேசமில்லை என்று கம்பெனி சொல்லும்போது 2017. கொடுத்தது ஒரு கையெழுத்தில். திரும்ப வாங்கப் பதினாலு வருஷம். உங்கள் சாம்பல் எழுத்தைப் பார்த்ததும் எங்களுக்கு வேறென்ன ஞாபகம் வரும்?

டிக்கை எடுத்துவிடுங்கள். விலகும் பட்டனை, ‘இப்போதே வாங்கு’ பட்டனின் அளவுக்காவது வையுங்கள். அதுவரை என் கல்லாவில் கோடு போட்ட நோட்டுதான் படிவம். பெயரும், பாக்கியும் மட்டும் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்துக்குத் தானாக ஒரு பதில் வரும் என்று தெரியும். அதில் எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
செக்குக்காரர், பெருமாட்டி
(கடைசிப் பெயர்: பொருந்தாது)