முதலில் உப்புத்தாள், அப்புறம் பெயின்ட்!

வாசகி, பல்லடம்: தாத்தா காலத்து ஓட்டு வீடு. நிலைக்கதவு, ஜன்னல், திண்ணைத் தூண் எல்லாம் மரம். ஒரே ஞாயித்துக்கிழமையில நானே பெயின்ட் அடிச்சுடலாங்களா?

தாராளமாக! அதற்கு முந்தைய இரண்டு ஞாயிறுகளை உப்புத்தாளுக்குக் கொடுத்திருந்தால். எண்ணெய்ப் பசை போக அலசாத துணியைச் சாயத்தில் இறக்கினால் நிறம் திட்டுத் திட்டாகத்தான் ஏறும், மரமும் அப்படியே. உரிந்து நிற்கும் பழைய பெயின்ட்டைச் சுரண்டுங்கள். 80-ம் நம்பர் தாளில் தொடங்கி 120, 180 என்று போங்கள். மர ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்த கீறல், பெயின்ட் அடித்த பிறகும் காட்டிக்கொடுக்கும்.

வாசகர், அவிநாசி: வீட்ல கைக்குழந்தை இருக்குது. சுரண்டுற தூசி ஆகுங்களா?

ஆகவே ஆகாது. வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் நிறைய இருக்கலாம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். வேலை முடியும்வரை குழந்தை பாட்டி வீட்டில் இருக்கட்டும். வாட்டர் பேப்பரை நனைத்துத் தேயுங்கள். என்95 மாஸ்க் போடுங்கள். விளக்குமாறு வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

வாசகர், காங்கேயம்: ஆடி மாசம் வேலை கம்மி. அப்ப அடிக்கலாங்களா?

உங்களுக்கு வேலை இல்லை, காற்றுக்கு இருக்கிறதே! பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்று, ஈர பெயின்ட்டில் புழுதியை அப்பிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மரம் ஈரம் குடித்திருக்கும். மரம் நன்றாகக் காய்ந்திருந்தால் பொங்கலை ஒட்டிய நாட்கள் நல்லவை. காலைப் பனி உலர்ந்த பின் தொடங்கி, வெயில் நேராக அடிக்காத பக்கமாகப் பார்த்து அடியுங்கள்.

வாசகி, ஊத்துக்குளி: கதவு மேல பளபளன்னு இருக்குது, அடி மட்டும் உளுத்துப்போகுது. ஏனுங்க?

கதவை மூடிவைத்தே பெயின்ட் அடித்திருப்பார்கள். இரு பக்கச் சட்டங்களின் வெட்டு முனைகள் அடியில்தான் இருக்கின்றன. மரம் வளரும்போது நீர் ஏறிய நுண்குழாய்கள் அங்கே வாய் திறந்து நிற்கும். வாசல் தெளிக்கிற தண்ணீரை அவை உறிஞ்சிவிடும். கீல் திருகுகளைக் கழற்றிக் கதவைச் சாய்த்து வையுங்கள். உளுத்த பகுதியை ஆசாரியிடம் கொடுத்து மாற்றியபின், அடி விளிம்புக்கு இரண்டு கோட் பிரைமர், இரண்டு கோட் பெயின்ட் கொடுங்கள். யாரும் பார்க்காத இடத்தில்தான் கதவின் ஆயுள் இருக்கிறது.

வாசகர், தாராபுரம்: நல்ல பெயின்ட் அடிச்சா மழைக்குத் தாங்குமுங்களா?

பெயின்ட் சட்டை மாதிரிதான், குடை கூரை! தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனையைப் போய்ப் பாருங்கள். அத்தனை மர வேலைப்பாட்டையும் மழையிலிருந்து காப்பது சரிந்த ஓட்டுக்கூரையும் நீண்ட இறவாரமும். உடைந்த ஓட்டை மாற்றிவிட்டுப் பிரஷைக் கையில் எடுங்கள்.

வாசகர், அனுப்பர்பாளையம்: துடைக்க பனியன் வேஸ்ட் போதுங்களா?

அதைவிட நல்லது எது? ஒன்றில் மட்டும் கவனம். லின்சீட் ஆயில் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அது வெளியேற வழியில்லாமல் தீக்குச்சியே இல்லாமல் பற்றிக்கொள்ளும். வெட்டவெளியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடுங்கள். முடியாவிட்டால் தண்ணீர் வாளியில் முக்கிவையுங்கள். வீட்டோடு சேர்ந்து பனியன் கம்பெனி நடத்துகிறவர்கள், கட்டிங் வேஸ்ட் மூட்டைப் பக்கம் அந்தத் துணியை அண்டவே விடாதீர்கள்.