நுங்கு வண்டியும் மாற்றல் உத்தரவும்

கேள்வி: கோடை முழுக்கக் கூடி ஆடிய ஆவடிக் குழந்தைகள், ஊர் மாறும் கூட்டாளிக்கு விடைகொடுக்கக் கற்பது எப்படி?

பதில்: கனரக வாகனத் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ் படை என்று மத்திய அரசுக் குடியிருப்புகள் நிறைந்த ஊர் ஆவடி. அங்கே நுங்கும் மாற்றல் உத்தரவும் பெரும்பாலும் ஒரே பருவத்தில் வரும். பள்ளி ஆண்டு முடிந்து வீடு மாறுவது பெற்றோருக்கு வசதி. நுங்கெடுத்த இரண்டு காய்களைக் குச்சியில் கோத்து வண்டி உருட்டும் பிள்ளைக்கோ, ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் கூட்டாளி போச்சு!

விடைபெறும் பாடம் தொட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது. அம்மா முந்தானையால் முகத்தை மூடித் திறக்கும்போது, மறைந்தவர் இல்லாமல் போகவில்லை என்று குழந்தை பழகுகிறது. மறைந்த பொருளைக் குழந்தை தேடுவதை சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே விரிவாக ஆராய்ந்தார். ஆனாலும் நாலு வயதில் ‘அடுத்த வருஷம்’ என்பதும் ‘சாயங்காலம்’ என்பதும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே தேதியைவிட, தினசரி நாள்காட்டியில் தாளைக் கிழிக்கவிடுவது நன்றாகப் புரியும். வண்டியைக் கூட்டாளிக்குக் கொடுப்பது இன்னும் நன்றாக. தூங்கும்போது நழுவிப் போவது பெரியவர்களின் பழைய தந்திரம். அது அழுகையைத் தள்ளிப்போடும், நம்பிக்கையைக் குறைக்கும். சாமான் லாரி புறப்படும்போது பிள்ளைகள் விழித்திருப்பதே நல்லது. அழுதால் அழட்டும், அப்பாக்களுக்கும் அப்போது கண்ணில் தூசி விழுவதுண்டு.