குபேரனுக்குக் கணக்கு தெரியல

வா பேராண்டி, இப்படிப் படியில உக்காரு. கல்யாணத்துக்குக் கடன் வாங்கப் போறியாமே? வாங்கு, ராஜா மாதிரி வாங்கு. நம்ம திருச்சானூர் மாப்பிள்ளையே கடன் வாங்கித்தானே தாலி கட்டினார்!

தாயாரைக் கைப்பிடிக்கக் குபேரன்கிட்ட ஏழுமலையான் வாங்கினது ஒரு கோடியே பதினாலு லட்சம் பொன்னுன்னு ஒரு கதை. வெறும் பதினாலு லட்சந்தான்னு இன்னொரு கதை. கடன்காரன் கணக்கு எந்த வீட்டுல ஒரே நோட்டுல இருந்திருக்கு?

நீ எம்.எஸ்ஸி. கணக்காச்சே, எட்டு இலக்கத்தைப் பார்த்து ஏன் முழிக்கிறே? மாடு பிடிக்கிற மாதிரி வாலைப் பிடி. 1,14,00,000. வால்ல அஞ்சு சைபர், அதாவது அஞ்சு ரெண்டு, அஞ்சு அஞ்சு. மிச்சம் 114. அதை உடைச்சா ரெண்டு, மூணு, பத்தொன்பது. ஆகமொத்தம் ரெண்டு ஆறு தடவை, அஞ்சு அஞ்சு தடவை, மூணும் பத்தொன்பதும் ஒவ்வொரு தடவை. ஒவ்வொரு தடவைக் கணக்கோடயும் ஒண்ணு கூட்டிப் பெருக்கு: 7 × 6 × 2 × 2. 168 வகுஎண். அதாவது மீதி விழாம சம தவணையாப் பிரிக்க 168 வழி. ஆனா வேடிக்கையைப் பாரு, ஏழுமலைக்காரர் கடன் ஏழால வகுபடாது! மூணு பொன் மிச்சம் நிக்கும். பதினாலு லட்சம்னா மலைக்கு ரெண்டு லட்சம்னு சுத்தமாப் போயிருக்கும். அதனாலயே எனக்குச் சின்னக் கதைமேலதான் நம்பிக்கை.

நம்ம ஈரோட்டுல பொறந்த ராமானுஜனைக் கேட்டிருந்தா 7,20,720 வாங்குன்னு சொல்லியிருப்பார். டாக்ஸி நம்பர் கதையை ஆரம்பிச்சிடாதே, அது ஊருக்கே தெரியும். 1915ல அவர் எழுதின கட்டுரை வேற: தனக்குச் சின்ன எந்த எண்ணையும்விட அதிக வகுஎண் உள்ள எண்களை வரிசையாப் போட்டுவச்சார். அதுல ஒண்ணுதான் இந்த 7,20,720. ஒண்ணுலேர்ந்து பதினாறு வரைக்கும் எதால வேணா வகு, மிச்சமே விழாது. வகுஎண் 240! குபேரன் கொடுத்ததுல பதினஞ்சுல ஒரு பங்குகூட இல்லாத தொகை, தவணைக்கு வழி மட்டும் எழுபத்திரெண்டு கூட. அந்தப் பெரிய மனுஷனே பட்டியல்ல 2,93,31,86,25,600ஐ விட்டுட்டார். நீ மாச வட்டியை விடாம எழுதுவியோ என்னவோ.

என்ன, மொய்யா? 1,001 வைக்கலாம்னுதான் நெனச்சேன். 7, 11, 13ன்னு பொலபொலன்னு உடையுது. மாமனார், மச்சான், பங்காளின்னு ஆளுக்கொரு பங்கு கேப்பான். 10,001ம் லேசுப்பட்டதில்ல, 73ஐ 137ஆல பெருக்கினா அதுதான் வரும். 101 பாரு, பகா எண். ஒருத்தன் பங்கு போட முடியாது. அதான் கவர்ல 101 போட்டு ஒட்டியாச்சு.