வீட்டுக்கு ஓர் ஆள்

வைகாசி பிறந்தால் எங்கள் ஊரில் தமுக்கு அடிப்பார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வரத்துக்கால் வெட்ட வரவேண்டும். சிவகங்கைச் சீமையில் கண்மாய் நிறைந்தால்தான் சோறு. வராத வீட்டுக்குத் தண்டம். ஆள் இல்லாத வீட்டுப் பங்கைப் பங்காளிகள் வெட்டிக் கொடுப்பார்கள். கண்மாய் வண்டல் வண்டி வண்டியாக அவரவர் வயலுக்குப் போகும். 1858-இல் வெள்ளையர் இந்த வேலைக்குக் கட்டாயச் சட்டமே போட்டார்கள். குடிமராமத்து என்ற இந்த ஊர் வழக்கம் அதற்கும் மூத்தது.

எல்லாவற்றுக்கும் நடுவில் நீர்பாய்ச்சி. கண்மாய் பெருகிக் கிடக்கும்போது மூச்சடக்கி மூழ்கி, மடை அடைப்பை உருவிவிட்டு மேலே வருவார். தண்ணீர் குறைந்த வருஷம் எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்பதை அவர்தான் சொல்வார். முதல்மடைக்காரர் எவ்வளவு பெரிய ஆளானாலும், கடைமடை நனையாமல் அவருக்கு மறுபாய்ச்சல் கிடையாது. கூலி, அறுவடைக் களத்தில் நெல். ஆயக்கட்டில் அவருக்கு ஒரு குழி நிலமும் இல்லை. அதனால்தான் நடுநிலை தவறமாட்டார் என்றது ஊர். ஊருக்கே தண்ணீர் பங்கிட்டவர், ஊர்க்கூட்டத்தில் துண்டை இடுப்பில் கட்டித் தள்ளி நின்றார். அந்தக் காலத்தைப் புகழும்போது இதை மறைக்க எனக்கு மனமில்லை.

பிறகு ஆழ்துளைக் கிணறுகள் வந்தன, இலவச மின்சாரம் வந்தது. மோட்டார் வைத்தவர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார். தமுக்குச் சத்தமும் நின்றது.

2017-இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே அரசு திட்டம் கொண்டுவந்தது. முதல் கட்டத்துக்கு 100 கோடி ரூபாய். பாசனதாரர் பங்கு 10 சதவீதம், பணமாகவோ உழைப்பாகவோ தரலாம் என்றார்கள். நல்ல ஏற்பாடு. எங்கள் கண்மாய்க்கும் பணம் வந்தது. விவசாயிகள் பங்கை ஒருவரே கட்டிவிட்டார். பொக்லைன் வந்து கரையைச் சீவிப் பளபளப்பாக்கிவிட்டுப் போனது. வரத்துக்காலில் சீமைக்கருவேலம் அப்படியே நின்றது. ஐப்பசி மழைத் தண்ணீர் கண்மாய்க்குள் வர வழியில்லாமல் தார்ச்சாலையில் ஏறி ஓடியது. வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று ஊரில் கேட்டிருந்தால் கிழவிகள்கூடச் சொல்லியிருப்பார்கள்.

பணத்தோடு பொறுப்பையும் ஊரிடம் கொடுக்க வேண்டும். மீன் ஏலத் தொகை கண்மாய்க்கே செலவாகட்டும். நீர்பாய்ச்சிக்கு மாதச் சம்பளம் போடுங்கள். எந்தத் தெருப் பிள்ளையும் அந்த வேலைக்கு வரலாம். கூட்டத்தில் முதல்மடைக்காரருக்குப் பக்கத்திலேயே அவருக்கும் ஒரு நாற்காலி வேண்டும்.